வெயிலை எங்கே நிறுத்துவது? நம் ஊர்க் கூரைகளின் கதை



கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். விழுப்புரத்தில் ஒருவர், திண்டிவனத்தில் இரண்டு பேர், டெக்சாஸிலிருந்து ஒரு பிள்ளை. "டீச்சர், மொட்டை மாடியில ஷீட் போட்டு வச்சிருக்கோம். பகல்ல உள்ளே நிக்க முடியல, அனல் அடிக்குது. அதைச் சுத்தி அடைச்சு ஏசி ரூம் ஆக்கலாமா?" இதுதான் கேள்வி. டெக்சாஸ் பிள்ளையின் கேள்வியும் ஏறக்குறைய இதேதான். அங்கே ஓட்டுச் சரிவுக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒரு பெரிய பரண் இருக்குமாம். அதை ஆட்டிக் என்கிறார்கள். அதையும் அறையாக்க வேண்டுமாம்.

நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு வரலாறும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவள். அதனால் எனக்குத் தெரிந்த வழியில், வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். நம் மாவட்டத்துக் கூரைகள் எப்படி மாறின என்று பார்த்தால் பதில் தானாக வரும். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மண்டகப்பட்டு சொல்லும் பட்டியல்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. உங்களில் பலரைச் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில் அது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று அங்கே உள்ள கல்வெட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். கோயில் வரலாறு படிக்கிறவர்களுக்கு அது முக்கியமான கல்வெட்டு. நமக்கு அதில் இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய கட்டடம் என்றால் இந்த நான்கும் வேண்டும் என்பதுதான் அது.

இந்த நான்கும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதவை. அவர்களுக்கு ஓலைதான். அதற்குப் பின் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் போனபிறகும், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், என் வகுப்பில் பாதிக்கு மேல் கூரை வீட்டுப் பிள்ளைகள்தான்.

கூரை வீடு

நம் பக்கத்தில் பனை அதிகம், கரும்பும் அதிகம். பனை ஓலை, தென்னங்கீற்று, கரும்புச் சோகை என்று எது கிடைத்ததோ அதை வைத்துக் கூரை மேய்ந்தார்கள். மூங்கில் வரிச்சு கட்டி, அடுக்கு மேல் அடுக்காகப் போடுவார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கூரை வீடு ஏன் குளிர்ச்சி? ஓலை அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்கி நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளிப் போர்வை குளிரைத் தடுப்பதும் இதே விதியில்தான். இரண்டாவது, ஓலைக்கு எடை குறைவு. அதனால் வெப்பத்தைச் சேர்த்து வைக்க அதனால் முடியாது. சூரியன் இறங்கியதும் கூரையும் ஆறிவிடும். மூன்றாவது, கூரையைத் தாழ இறக்கிவிடுவார்கள். சுவரில் வெயில் படாது.

இதைச் சொன்னால் சிலர் உடனே "அந்தக் காலம் பொற்காலம்" என்று எழுதக் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு ஊரில் தீ. ஒரு அடுப்புப் பொறி போதும், தெருவே போய்விடும். துணிமணி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் சாம்பல். "சர்ட்டிபிகேட் எரிஞ்சு போச்சு டீச்சர்" என்று வந்து நின்ற பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தீ தற்செயலாக மட்டும் வரவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நம் தென்னார்க்காட்டிலும் சாதிச் சண்டை என்றால் முதலில் எரிந்தது கூரைதான். ஆகவே ஒரு காலனி வீட்டுக்குக் கான்கிரீட் தளம் வந்தபோது, அந்தக் குடும்பம் பயமில்லாமல் தூங்கத் தொடங்கியது என்று அர்த்தம். இதை மறந்துவிட்டு ஓலையின் குளிர்ச்சியை மட்டும் பேசுவது நியாயமில்லை.

ஓட்டு வீடும் மெத்தை வீடும்

கொஞ்சம் வசதி வந்தால் நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் செய்து, சூளையில் சுட்டு, இரண்டு மூன்று வரிசையாக அடுக்குவார்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் சந்து இருக்கும், சூடான காற்று அதன் வழியே வெளியேறிவிடும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் இயந்திரத்தில் அழுத்திய ஓடு செய்யத் தொடங்கினார்கள். அதுதான் நாம் சீமை ஓடு என்று சொல்வது. ரயில் நிலையம், பள்ளிக்கூடம், கச்சேரி எல்லாவற்றிலும் அது ஏறியது.

ஓட்டு வீடுகளில் பரண் இருந்தது நினைவிருக்கிறதா? விட்டத்தின் மேல் பலகை அடித்து, அதன் மேல் பழைய பாத்திரம், விதைநெல், புளிப்பானை எல்லாம் ஏற்றி வைப்போம். மேலே ஓடு சுட்டாலும் பரணுக்குக் கீழே படுத்திருந்தவருக்கு அந்த அனல் நேராக வந்து அடிக்கவில்லை. நடுவில் ஒரு தடுப்பும் கொஞ்சம் காற்றும் இருந்தன. ஓலையில் பல அடுக்காக இருந்த அந்தக் காற்று, இங்கே ஒரே பெரிய இடைவெளியாக இருந்தது.

இன்னும் வசதி வந்தால் மெத்தை வீடு. மெட்ராஸ் டெரஸ் என்று புத்தகத்தில் சொல்வது இதைத்தான். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்குத்தாகச் சாய்த்துச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் தட்டுவார்கள். கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். ஒரு அடி வரை கனம் வரும். பகல் வெயில் அதைத் துளைத்துக் கீழே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஓலை, ஓடு, மெத்தை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பொருள் வேறு, விலை வேறு, சாதி வேறு, வசதி வேறு. ஆனால் மூன்றும் வெயிலைத் தலைக்கு மேலேயே, கூரையிலேயே, தடுக்கப் பார்த்தன.

2004க்குப் பிறகு

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீ. சத்துணவு சமைத்த இடத்திலிருந்து கீற்றுக் கொட்டகைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அன்று தமிழ்நாட்டில் வகுப்பில் நின்ற எந்த ஆசிரியருக்கும் அந்தத் தேதி மறக்காது. அடுத்த நாளே நாங்கள் எல்லோரும் அண்ணாந்து எங்கள் கூரையைப் பார்த்தோம். பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை இருக்கக்கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. சரியான உத்தரவு.

ஆனால் கீற்றை எடுத்த பல இடங்களில் என்ன வந்தது? சிமெண்ட் ஷீட். சில இடங்களில் தகரம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அப்படிப்பட்ட அறை இருந்தது. ஏப்ரல் மாதம் இரண்டாவது பீரியடுக்கு மேல் பிள்ளைகள் கண் சொக்கிவிடுவார்கள். தூக்கம் இல்லை அது, சூடு. ஷீட் சூடாகி, அதன் அனல் நேராகத் தலையில் இறங்கும். மின்விசிறி போட்டால் சூடான காற்றைத்தான் சுற்றும். தீப்பற்றாத கூரை வேண்டும் என்று கேட்டோம், கிடைத்தது. அதே மூச்சில் சுடாத கூரையும் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வீடுகளிலும் இதே கதை. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றுவது இலக்கு, வீட்டுக்கு 75,000 ரூபாய். 2011இல் ஜெயலலிதா அம்மையார் ஆட்சியில் சூரிய விளக்குடன் 300 சதுர அடிப் பசுமை வீடு. அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, நம் பக்கத்துக் குடிசைகளைப் பிய்த்துப் போட்டது. அதன் பிறகு கான்கிரீட் வீட்டுக்கு இன்னும் அவசரம் கூடியது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம். 2030க்குள் 8 லட்சம் வீடு, ஒவ்வொன்றும் 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய் உதவி. கட்சி எதுவாக இருந்தாலும் எல்லோரும் குடிசையை ஒழிக்கத்தான் பணம் போட்டார்கள். இதை நம் மாநிலத்தின் பெருமைகளில் ஒன்றாகவே நினைக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, தளம் போட்ட வீட்டில் இருந்தவர்கள் தலைக்கு மேல் கூரை நிற்குமா என்று பயப்படவில்லை.

தளம் செய்கிற வேலை

மழைக்கும் தீக்கும் காவலாக நிற்கும் தளம், வெயிலுக்கு மட்டும் காவல் இல்லை. நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெப்பத்தைக் குடித்துச் சேர்த்து வைக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் அதைக் கீழே விடத் தொடங்கும். "வெளியே காத்து ஜில்லுன்னு இருக்கு, உள்ளே போனா வேகுது" என்று நாம் சொல்வது இதனால்தான். கை வைத்துப் பாருங்கள், இரவு பத்து மணிக்கும் சீலிங் சுடும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு அங்குலத் தெர்மாகோல் தடுக்கிற வெப்பத்தைத் தடுக்க மூன்றடிக்கு மேல் கனமான கான்கிரீட் வேண்டும். கான்கிரீட் பாரம் தாங்கும், வெப்பத்தைத் தடுக்காது. அதனால்தான் அந்தக் கால மேஸ்திரிகள் தளத்தின் மேல் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்காமல் வீட்டை ஒப்படைக்க மாட்டார்கள். இன்று பட்ஜெட் இழுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வேலைதான். கீழிருந்து பார்த்தால் தெரியாதே!

யாருக்கு இந்தச் சூடு? பகலில் வேலைக்குப் போகிறவருக்கு அவ்வளவாக இல்லை. வீட்டில் கிடக்கும் வயசானவருக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, கைக்குழந்தைக்கு, அடுப்படியில் நிற்பவளுக்கு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல் வந்தால் முகாமுக்குப் போகலாம். இந்தப் பேரிடரில் பலருக்கு ஆபத்தான இடம் அவரவர் வீட்டு உட்புறம்தான்.

புதுச்சேரியும் அமெரிக்காவும்

கான்கிரீட்டே குற்றவாளி என்று நினைக்காதீர்கள். நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியில், கோல்கொண்டே என்ற ஆசிரம விடுதி இருக்கிறது. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து பார்த்து, 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் முடிந்த கட்டடம். முழுக்கக் கான்கிரீட். ஆனால் அதற்குக் கூரை இரண்டு. கீழே தட்டையான தளம், அதன் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று ஓட இடைவெளி. வெயில் மேல் ஓட்டில் விழுகிறது, சூடு இடைவெளிக் காற்றோடு போய்விடுகிறது. நம் பரண் செய்த வேலையைக் கான்கிரீட்டிலேயே செய்துவிட்டார்கள்.

இப்போது டெக்சாஸ் பிள்ளைக்கு. உங்கள் ஊரில் ஆட்டிக்குக்குக் காற்றுத் துளை வைக்கும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1942இல் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு, 300 சதுர அடிக்கு 1 சதுர அடித் துளை என்று ஒரு விதி போட்டது. அந்த விதியின் முக்கியக் கவலை வெயில் அல்ல, பனிக்காலம். வீட்டுக்குள்ளிருந்து மேலே போகும் ஈரம் குளிர்ந்த கூரையில் பட்டுத் தண்ணீராகி மரத்தைக் கெடுக்கும், அதைத் தடுக்கத்தான் துளை. அதே விதி வெப்பமான தென் மாநிலங்களுக்கும் போனது. பிறகு ஏசி வந்தது. ஏசியின் காற்றுக் குழாய்களைக் கொண்டுபோய் அந்தக் கொதிக்கும் பரணிலேயே வைத்தார்கள். குளிர்ந்த காற்று போகும் குழாய், 50 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில்! போதாததற்கு, துளை வழியாக வரும் கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த குழாயில் வியர்த்துக் கொட்டியது.

அதனால் 1990களிலிருந்து அங்கே சிலர் வேறு வழி தேடினார்கள். வெப்பத் தடுப்பைச் சீலிங்கின் மேல் போடாமல், சரிவுக் கூரையிலேயே ஒட்டிவிட்டு, துளைகளை அடைத்து, பரணையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வது. 2006ஆம் ஆண்டின் வீட்டுக் கட்டட விதிகள் சில நிபந்தனைகளோடு இதை ஏற்றுக்கொண்டன. அவர்களும் சுற்றிச் சுற்றி நம் ஓலைக்காரர் அறிந்த இடத்துக்கே வந்திருக்கிறார்கள். வெயிலை உள்ளே விட்டுவிட்டுப் பிறகு சண்டை போடாதே, மேலேயே நிறுத்து.

சரி, ஷீட்டுக்கு வருவோம்

உங்கள் மொட்டை மாடி ஷீட் இப்போது என்ன வேலை செய்கிறது தெரியுமா? கோல்கொண்டேயின் மேல் ஓடு செய்யும் வேலையை. அது குடை. அதன் கீழே உங்களால் நிற்க முடியவில்லை, உண்மைதான். ஆனால் அதனால் உங்கள் தளத்தில் வெயில் படவில்லை, கீழ் வீடு குளிர்ந்திருக்கிறது. பக்கவாட்டில் காற்று ஓடும்வரை அது நல்ல குடை. இடம் அவசியமில்லை என்றால் அடைக்காதீர்கள். ஷீட்டின் மேல்புறம் வெள்ளை அடியுங்கள், போதும்.

இடம் வேண்டும், பிள்ளை படிக்க அறை வேண்டும் என்றால் அடைக்கலாம். அப்போது மூன்று விஷயம்.

ஒன்று, அரைகுறை வேண்டாம். திறந்திருந்தால் முழுக்கத் திறந்திருக்கட்டும், அடைத்தால் முழுக்க அடையுங்கள். மேலே சந்து விட்டுவிட்டு உள்ளே ஏசி போட்டால் காசு பறப்பது மட்டுமில்லை. மரக்காணம் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த இடத்தில் பட்டுத் தண்ணீராகி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டு, தடுப்பு ஷீட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் போட்டால் இரண்டும் ஒன்றாக வந்துவிடும். கீழே பார்வைக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங் தொங்கவிட்டால், ஷீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு அடுப்பைத்தான் கட்டுகிறீர்கள்.

மூன்று, தீ. தெர்மாகோல் எரியும், அதன் புகை ஆளைச் சாய்க்கும். வெறும் தெர்மாகோலை அப்படியே கண்ணுக்குத் தெரிய விட்டு, பக்கத்தில் ஒயரை ஓட்டாதீர்கள். தீப்பிடிக்காத பலகையால் மூடுங்கள். பழைய சிமெண்ட் ஷீட் இருந்தால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், அதன் கல்நார்த் தூள் நுரையீரலுக்கு எமன். தீக்குப் பயந்து ஓலையை விட்ட நாம், அதே தீயை வேறு பெயரில் கூரைக்கு ஏற்றக்கூடாது. புயல் ஊர் நம்முடையது, ஷீட்டின் போல்ட்டையும் ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள்.

தளம் மட்டும் உள்ளவர்களுக்கு: கோடைக்கு முன் தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள். புதிதாக அடித்த வெள்ளை, வெயிலில் நான்கில் மூன்று பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் குறையும், ஆண்டுக்கொருமுறை அடிக்க வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் சுருக்கியையும் தட்டோட்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று

2018இல் மத்திய அரசு, வீடுகளுக்கு ஒரு வெப்ப விதி கொண்டுவந்தது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்று அதில் ஒரு வரம்பு உண்டு. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப்போல் சுமார் மூன்று மடங்கு வெப்பத்தை விடும். நல்ல விதி. ஆனால் அது வெளிவந்தபோது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கு என்றுதான் வந்தது. அதாவது 5,000 சதுர அடிக்கும் மேல். 360 சதுர அடி வீட்டில் இருப்பவருக்கு அது பொருந்தாது. பெரிய வீட்டுக்காரர் விதி இல்லாவிட்டாலும் ஏசி போட்டுக்கொள்வார். விதி அதிகம் தேவைப்படுவது சின்ன வீட்டுக்குத்தான்.

என் மாணவர்களில் இப்போது பஞ்சாயத்துத் தலைவர்கள் இருக்கிறீர்கள், பி.டி.ஓ. ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள், ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறீர்கள், மேஸ்திரிகளும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கட்டும் ஒவ்வொரு இலவச வீட்டுக்கும், தளம் போட்டதோடு கையைக் கழுவிவிடாமல், மேலே ஒரு தட்டோடோ, குறைந்தபட்சம் ஒரு பூச்சு வெள்ளையோ சேர்த்து முடித்துக்கொடுங்கள். எஸ்டிமேட்டில் இல்லை என்றால் கிராம சபையில் கேளுங்கள். நம் மக்கள் தீயிலிருந்து தப்பி வந்து சேர்ந்த வீடு அது. அங்கே அவர்கள் வெந்துகொண்டு இருக்கக்கூடாது.

உங்கள் வீட்டில் பரண் இருந்ததா? உங்கள் ஊரில் கூரைக்கு எந்த ஓலை போட்டார்கள்? தளம் தட்டிய பாட்டிமார்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா? கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

வெயிலில் அலையாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்